கடற்சங்கும் கழுவாய் நாளும்

தூத்துக்குடிக் கடலில் குளியாட்கள் எடுத்துவரும் சங்கின் வாயைப் பழுப்பு நிற மூடி ஒன்று அடைத்திருக்கும். நகத்தை ஒத்த புரதப் பொருளால் ஆனது அது. உள்ளிருக்கும் உயிர் ஒடுங்கும்போது கதவாய் நின்று காப்பது. வளையல் அறுப்போர்க்கு அதனால் பயனில்லை. நறும்புகைப் பொருள் செய்வோரே அதனை நாடுவர். தனியே சுட்டால் மயிர் தீயும் நாற்றம் எழும். பொடித்துப் பிசின்களோடு கலந்து தணலில் இட்டாலோ, அப்பிசின்களின் மணம் விரைந்து கலைந்துவிடாதபடி பிடித்து நிறுத்தும்.

எபிரேயரின் மறைநூலில், விடுதலைப் பயணத்தின் 30ஆம் அதிகாரம், கடவுள் திருமுன் எரிக்கத்தக்க நறும்புகைக் கூட்டைக் கூறுகிறது. அதில் நான்கு பொருள்கள் உள்ளன. இரண்டாவதாக வருவது செங்கடற் சங்கினம் ஒன்றின் மூடியே என்பது ஆய்வாளர் பலர் கொண்ட முடிவு. மறுப்போரும் உளர். துடுப்பும் செதிளும் இல்லாத நீருயிரைத் தீட்டென்று லேவியர் நூல் விலக்கியிருக்க, அதன் உறுப்பு தூயகத்துக்குள் எவ்வாறு புகுந்திருக்கும் என்று வினவும் அவர்கள், அது ஒரு செடியின் பிசின் என்பர். உண்ணலாகாது என்ற விலக்கு எரிக்கலாகாது என்ற விலக்காகாது. இசுரயேலரின் வழிபாட்டிடமாகிய திருக்கூடாரத்தின் திரைக்கே கடற்சங்கின் சாயம் ஏறியிருக்கும்போது, சங்கின் மூடிக்கு மட்டும் வாயில் அடைபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்நறும்புகைக்குத் தலையாய நாள் ஒன்று இருந்தது. ஏழாம் திங்களின் பத்தாம் நாளாகிய பாவக் கழுவாய் நாளே அது. ஆண்டு முழுவதிலும் அன்று மட்டுமே, தலைமைக் குரு ஒருவர் மட்டுமே, பொன்னிழை ஆடையைக் களைந்து எளிய நார்ப்பட்டு உடுத்தித் திருத்தூயகத்துக்குள் செல்வார். தணல் நிறைந்த கலமும் இரு கை நிறைய நறும்பொடியும் அவரோடு செல்லும். பொடி தணலில் விழுந்து எழும் புகை, உடன்படிக்கைப் பேழையின் மேலமைந்த இரக்கத்தின் இருக்கையை மூடி மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் அவர் மாண்டுபோவார் என்று லேவியர் நூலின் 16ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. கடவுளை நேர்நோக்கும் கண்ணுக்கு அப்புகையே காப்பு. அதன் பின்னரே குருதி. முதலில் தமக்காகவும் தம் வீட்டாருக்காகவும் கொன்ற காளையின் குருதி. பின்னர் மக்களுக்காகக் கொன்ற கிடாயின் குருதி. இரண்டையும் இருக்கையின் முன் ஏழு முறை தெளிப்பார்.

கிடாய்கள் இரண்டு. சீட்டுப் போட்டு ஒன்றை ஆண்டவருக்கும் மற்றொன்றை அசசேலுக்கும் ஒதுக்குவர். ஆண்டவருக்குரியது கொல்லப்படும். மற்றதன் தலைமேல் குரு தம் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கையிட்டு, அவற்றை அதன் தலைமேல் சுமத்திப் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடச் செய்வார். அசசேல் என்பது யார் அல்லது எது என்பதில் இன்றளவும் ஒருமித்த கருத்தில்லை. ஒரு தீய ஆவியின் பெயர் என்பாரும், செங்குத்தான பாறைநிலம் என்பாரும் உளர்.

குருதி ஏன் என்ற கேள்விக்கு அந்நூலே 17ஆம் அதிகாரத்தில் விடை கூறுகிறது. உடலின் உயிர் குருதியில் உள்ளது. உயிரே உயிருக்காகக் கழுவாய் ஆகிறது. இவ்விடையை 20ஆம் நூற்றாண்டில் ஆழ்ந்து ஆராய்ந்தவர் யூத அறிஞர் யாக்கோபு மில்குரோம். லேவியர் நூலுக்கு அவர் எழுதிய பேருரையின் முதற்பகுதி 1991இல் வெளிவந்தது. குருதி எங்கே தெளிக்கப்படுகிறது என்று பார்க்கச் சொன்னார் அவர். குற்றம் செய்தவன் மேல் ஒரு துளியும் விழுவதில்லை. பேழை, பலிபீடம், கூடாரம் ஆகியவற்றின் மேலேயே விழுகிறது. மக்களின் குற்றம் கண்ணுக்குத் தெரியாத மாசாகப் பரவித் தூயகத்தில் படிகிறது. படிந்து மிகுந்தால் கடவுள் அங்கே தங்கார். ஆகவே ஆண்டுதோறும் கடவுளின் இல்லத்தைக் குருதியால் துலக்க வேண்டியுள்ளது. கடுஞ்சினம் கொண்ட கடவுளின் பசியைத் தணிக்கும் படையல் என்று இச்சடங்கை எண்ணிப் பழகியோர்க்கு மில்குரோமின் வாசிப்பு புதுமையாயிருக்கும். மூலத்தோடு பொருந்துவது அதுவே.

கிறித்தவக் கழுவாய்க் கோட்பாட்டுக்கு எபிரேய மறைநூல் முன்னிழல் ஆகிறது என்று சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நான் சற்று நிற்க விரும்புகிறேன். லேவியர் நூலில் கொல்லப்படும் கிடாய் பாவத்தைச் சுமப்பதில்லை; பாவத்தைச் சுமக்கும் கிடாய் கொல்லப்படுவதில்லை. எகிப்தில் கதவு நிலைகளில் குருதி பூசுவதற்காக அடிக்கப்பட்ட பாசுகா ஆட்டுக்குட்டியோ பாவத்துக்கான பலியே அன்று. அடிமைகள் விடுதலை பெற்ற இரவின் அடையாளம் அது. யோவான் நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் இயேசுவைச் சுட்டி, உலகின் பாவத்தைப் போக்கும் ஆட்டுக்குட்டி என்கிறார். ஆட்டுக்குட்டி பாசுகாவினது; பாவத்தைச் சுமந்து அகற்றும் செயலோ பாலைக்கு ஓடிய கிடாயினது. பழைய மறைநூலில் தனித்தனியே கிடந்த இழைகள் அங்கே முறுக்கி ஒன்றாக்கப்படுகின்றன. எனவே முன்னிழல் என்பது ஒரே பொருளின் ஒரே நிழல் என்று கொள்வது தவறு. நூற்றாண்டுகள் இடைவெளியில் எழுந்த பல சடங்குகளைப் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் பின்னோக்கிப் பார்த்து இணைத்தார்கள்.

அவ்விணைப்புக்கு ஒரு கணு தேவைப்பட்டது. விலங்கின் இடத்தில் மனிதன் வந்து நின்றால் அல்லவோ கிடாயிலிருந்து சிலுவைக்கு வழி பிறக்கும்? அக்கணு எசாயா நூலில் உள்ளது. 52ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம் முதல் 53ஆம் அதிகாரத்தின் இறுதி வரை வரும் துன்புறும் ஊழியன் பாடல், பிறருடைய குற்றங்களுக்காக நொறுக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. கொல்லக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டிபோல் அவன் வாய் திறவான். அவன் உயிரே குற்றநீக்கப் பலியாகிறது. பலிச் சடங்கின் சொல் ஒரு மனிதனின் துன்பத்துக்கு இவ்வளவு வெளிப்படையாக இடப்படுவதை எபிரேய மறைநூலில் வேறெங்கும் காண்பது அரிது. பாபிலோனிய நாடுகடத்தலின் காலமாகிய கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இப்பகுதி எழுந்தது என்பது ஆய்வுலகில் பெரும்பான்மையோர் கருத்து.

ஐயம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. இயேசுவின் சாவை இத்துணைப் பொருத்தமாக ஒத்திருக்கும் ஒரு பகுதி உண்மையிலேயே அவருக்கு முற்பட்டதா? அன்றிப் பின்வந்தோர் கைவரிசையா? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முழுமையாகக் கிடைத்திருந்த எபிரேயப் படிகளில் மிகப் பழையவையும் கி.பி. 10ஆம் நூற்றாண்டை ஒட்டியவையே. கிரேக்க மொழிபெயர்ப்பு முற்பட்டதே எனினும், அதன் படிகளும் கிறித்தவர் கைவழி வந்தவையே.

1947 அளவில் சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரானுக்கு அருகே, ஆடு மேய்க்கும் நாடோடி இளைஞர்கள் ஒரு குகைக்குள் மண்தாழிகளைக் கண்டனர். அவற்றிலிருந்த தோற்சுருள்களில் ஒன்று எசாயா நூலின் 66 அதிகாரங்களையும் கொண்டது. 17 தோல்களைத் தைத்து இணைத்தது, 54 பத்திகள், நீளம் ஏழு மீட்டருக்கும் மேல். எழுத்தின் வடிவை நோக்கியவர்கள் அது கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்றனர். பின்னர் அணு இயற்பியல் கைகொடுத்தது. உயிருள்ள விலங்கின் உடலில் கதிரியக்கக் கார்பன் காற்றுவெளியோடு சமநிலையில் இருக்கும். உயிர் நீங்கியதும் வரவு நின்று, இருப்பது சிதையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் அதன் அளவு பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் ஆடு இறந்த காலம் தெரியும். முற்காலத்து முறைக்கு மிகுதியான தோலை எரிக்க வேண்டியிருந்தது. அணுக்களை ஒன்றொன்றாய் எண்ணும் முடுக்கிப் பொறிகள் வந்தபின் சிறு துணுக்கே போதுமாயிற்று. 1990களில் சூரிச்சிலும் அமெரிக்காவின் டூசனிலும் நடந்த ஆய்வுகள் எழுத்தறிஞர் குறித்த காலத்தோடு ஒத்துப்போயின. இயேசு பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முந்திய ஏட்டில் ஊழியன் பாடல் முழுமையாக இருக்கிறது.

இன்னொன்றும் தெரியவந்தது. பிற்கால எபிரேயப் படிகளில் 53ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம், ஊழியன் துன்பத்துக்குப் பின் காண்பான் என்று சொல்லி, எதைக் காண்பான் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. குகைச் சுருளிலோ அவன் ஒளியைக் காண்பான் என்றிருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பும் அவ்வாறே கூறிவந்தது. படியெடுத்தோர் கையில் ஒரு சொல் நழுவியிருக்கிறது.

ஏட்டின் அகவையைச் சொல்வதோடு அறிவியலின் ஆட்சி முடிந்தது. அந்த ஊழியன் யார் என்பதைக் கார்பன் சொல்லாது.

கிறித்தவரின் விடையை மிகுந்த கட்டுக்கோப்போடு வகுத்தது எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம். அதன் 9ஆம் 10ஆம் அதிகாரங்கள் கழுவாய் நாள் சடங்கை அடியொற்றியே நடக்கின்றன. ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் செய்யப்படுவதே அப்பலியின் குறையைக் காட்டுகிறது; காளையின் குருதியும் கிடாயின் குருதியும் பாவத்தை அகற்ற இயலாதவை; பழைய சட்டம் வரவிருந்த நன்மையின் நிழலே என்று அது வாதிடுகிறது. கிறித்துவே குரு, கிறித்துவே பலி. தூயகத்தை மறைத்த திரை அவருடைய உடல். நற்செய்தி நூல்களுள் மூன்று, இயேசு உயிர்விட்டபோது எருசலேம் கோவிலின் திரை கிழிந்தது என்று எழுதிவைத்திருப்பதன் உட்பொருளும் இதுவே.

அத்திரை எதனால் ஆனது? அதற்கு முன்மாதிரியான கூடாரத் திரைக்கு விடுதலைப் பயண நூல் நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு ஆகிய நூல்களையும் மெல்லிய நார்ப்பட்டையும் குறிக்கிறது. சிவப்பு, கருவாலி மரத்தில் வாழும் சிறு பூச்சியிடமிருந்து வந்தது. நீலமும் கருஞ்சிவப்பும் நடுநிலக் கடலின் முட்சங்குகள் தந்தவை. முட்சங்கின் சுரப்பி ஒன்றில் நிறமற்ற நீர் உண்டு. வெளியே எடுத்ததும் காற்றும் ஒளியும் பட்டு மஞ்சளாகி, பச்சையாகி, முடிவில் ஊதாவாக உறையும். 1909இல் பவுல் பிரீட்லேண்டர் என்னும் வேதியியலார் 12,000 சங்குகளிலிருந்து 1.4 கிராம் சாயமே பிரித்தெடுத்து, அது அவுரிச் சாயத்தில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்த பொருள் என்று நிறுவினார். ஊதா தரும் சங்கிலிருந்து நீலம் எவ்வாறு கிடைத்திருக்கும் என்பது அதன் பின்னும் புதிராகவே இருந்தது. 1980களில் இசுரயேல் வேதியியலார் ஓட்டோ எல்சுனர் அதனை அவிழ்த்தார். தொட்டியில் கரைந்த நிலையிலிருக்கும் சாயத்தின் மேல் வெயில் பட்டால் புரோமின் கழன்றுபோகிறது; துணியில் நீலமே ஏறுகிறது. தென் இசுரயேலின் திம்னாப் பள்ளத்தாக்கில் கிடைத்த கம்பளித் துணுக்குகளில் இச்சங்குச் சாயம் இருப்பதை 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவை கி.மு. 1000ஐ ஒட்டியவை. முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யோசேபு, தாம் கண்ட கோவில் திரையின் நிறங்களுக்குப் பொருள் கூறும்போது, நார்ப்பட்டு மண்ணையும் ஊதா கடலையும் குறிக்கும் என்கிறார்.

நடுநிலக் கடலின் முட்சங்கும் மன்னார் வளைகுடாவின் பால்சங்கும் வேறு வேறு குடும்பத்தவை; வரிசை ஒன்றே. நம் கடலிலும் முட்சங்குகள் உண்டு. ஆனால் இங்கே அவற்றிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் வேரூன்றவில்லை. அவுரி பயிராகும் நாட்டுக்கு அது தேவைப்படவும் இல்லை.

முத்தைப் பற்றியும் ஒரு சொல். தலைமைக் குருவின் மார்புப் பட்டையில் பதித்த 12 கற்களில் முத்தில்லை. மத்தேயு நற்செய்தியின் வணிகன் உவமையிலும், திருவெளிப்பாட்டின் 12 நகர வாயில்களிலுமே அது மிளிர்கிறது. இருந்தும், புண்பட்ட சிப்பி தன் வலியை மணியாக்குவதுபோல என்று தொடங்கும் உரைகளுக்குக் கடற்கரைக் கோவில்களில் குறைவில்லை. உயிரியல் அவ்வுவமைக்கு இடம் தருவதில்லை. 1902இல் இலங்கைக் கரையின் முத்துப்பார்களை ஆராயத் தொடங்கிய உயிரியலார் ஏர்டுமனும் ஆர்னலும், நாடாப்புழுவின் இளம்புழுவைச் சுற்றியே நன்முத்து விளைகிறது என்றனர். எல்லா முத்துக்கும் அது பொருந்தவில்லை. சிப்பியின் போர்வைத் திசுவிலிருந்து சில உயிரணுக்கள் உடலின் உட்புறம் இடம்பெயர்ந்து பையாக வளரும்போது, அவை தம் இயல்புப்படி சுண்ண அடுக்குகளைச் சுரக்கின்றன. முத்து என்பது அவ்வளவே. 1973 சூலையில் தூத்துக்குடியிலுள்ள நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கியதும், திசுத்துண்டும் உருண்டை மணியும் சிப்பிக்குள் வைக்கும் இவ்வழியிலேதான். சிப்பி எவருக்காகவும் எதையும் சுமப்பதில்லை. கழுவாய்க்கு உவமை தேடுவோர் முத்தை விட்டுவிடலாம்.

இனி, இக்கோட்பாடு இக்கரைக்கு வந்த வரலாறு. 1535க்கும் 1537க்கும் இடையே முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். அன்றைய தேவை அரசியல் காப்பு. போதனை பின்னரே வந்தது. 1542இல் பிரான்சிசு சவேரியார் வந்தார். 1547 முதல் இக்கரையில் உழைத்தவர் போர்ச்சுகலின் வீலா விசோசாவில் 1520இல் பிறந்த அன்றீக்கே அன்றீக்கசு. தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைப்பர். அவர் யூதக் குடிவழியினர். முதலில் சேர்ந்திருந்த பிரான்சிசுகன் சபை, அக்குடிவழி காரணமாகவே அவரை விலக்கியது. பின்னர் இயேசு சபை ஏற்றுக்கொண்டது. கழுவாய் நாளைக் காலங்காலமாய்க் கொண்டாடிய முன்னோரின் வழிவந்து, அதற்காகவே ஒதுக்கப்பட்ட ஒருவர், புன்னைக்காயலில் அமர்ந்து, கிறித்துவின் சாவு மனிதரின் பாவத்துக்கு ஈடு என்று குளியாட்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சாகி வந்த 16 பக்கத் தம்பிரான் வணக்கம் அவருடையது. 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கமும், 1580இல் பாவ அறிக்கை செய்வோர்க்கான கொம்பெசியொனாயரும், 1586இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. வாய்விட்டு அறிக்கையிடுவதற்கென்று தனி நூல் ஒன்றை அவர் அச்சிட்டதைப் பார்க்கும்போது, கிடாயின் தலைமேல் கைவைத்து அறிக்கையிட்ட தலைமைக் குரு ஆரோனின் நினைவு எனக்கு வருகிறது. அவருக்கும் வந்ததா என்பதற்குச் சான்றில்லை.

கேட்டவர்களுக்கு, ஒருவர் பலருக்காக நிற்பது முற்றிலும் புதிய கருத்தன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, குளியாட்களைத் தீண்டாதபடி பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகக் குறிக்கிறார். கடல்கட்டி என்று இவர்களுக்குப் பெயர். அவர்கள் இன்றிக் கடலில் இறங்கக் குளியாட்கள் மறுத்த காலம் 19ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. இலங்கையின் குடியேற்ற அரசில் செயலராயிருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், அப்பணிக்குரிய குடும்பத்தின் அன்றைய தலைவர் கத்தோலிக்கரே என்று எழுதுகிறார். எனக்கு அதில் வியப்பில்லை. இடைநின்று காக்கும் ஒருவரை நம்பிப் பழகிய மக்கள், பெயரையும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். நம்பிக்கையின் வடிவம் அப்படியே இருந்தது.

மறைக்கல்வி நூல்கள் சுருக்கமாகச் சொன்னதை இலக்கியம் விரித்தது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த வீரமாமுனிவர், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில் பழைய ஏற்பாட்டு வரலாறுகள் பலவற்றைக் கிளைக்கதைகளாக நெய்தார். ஆயினும் அங்கே அவை கிறித்துவை நோக்கி நடக்கும் கதைகள். தம்மளவில் அவற்றுக்குப் பொருளுண்டு என்ற எண்ணம் அக்காலக் கிறித்தவரிடம் பெரிதும் இல்லை.

யூதரிடையே அவை தம்மளவில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தன. கி.பி. 70இல் உரோமர் எருசலேம் கோவிலை எரித்தபின் குருவும் கிடாயும் குருதியும் இல்லை. யூதர் கழுவாய் நாளைக் கைவிடவில்லை. நோன்பும் மன்றாட்டும் மனமாற்றமும் பலியின் இடத்தைப் பெற்றன. கடவுளுக்கு எதிரான பிழைக்கே அந்நாள் கழுவாய் ஆகும், அயலானுக்கு இழைத்த தீங்குக்கோ அவனை நேரில் அமைதிப்படுத்தும்வரை கழுவாய் இல்லை என்று கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிசுனா தீர்ப்பளித்தது. இதைவிடக் கடுமையான அறத்தை நான் எந்தச் சடங்கு நூலிலும் பார்த்ததில்லை. அந்நாளின் பிற்பகலில் தொழுகைக்கூடங்களில் வாசிக்கப்படுவது யோனா நூல். யாப்போத் துறையில் கப்பலேறி, புயலில் சிக்கி, தன்னைக் கடலில் எறிந்தால் மற்றவர் பிழைப்பர் என்று தானே சொன்ன இறைவாக்கினரின் கதை அது. துறைமுக மக்களுக்கு எசாயாவைவிட எளிதில் விளங்கக்கூடியது. யோனா மீனின் வயிற்றில் இருந்த மூன்று நாளை இயேசு தம் சாவுக்கு அடையாளமாக்கினார் என்று மத்தேயு எழுதுகிறார். அதே நூலை யூதர் மனமாற்றத்தின் நூலாகவே படிக்கின்றனர்.

ஊழியன் பாடலுக்கும் அவர்கள் விடை வேறு. 11ஆம் நூற்றாண்டின் பேருரையாசிரியர் ராஷி, துன்புற்ற ஊழியன் இசுரயேல் மக்களே என்றார். எசாயா நூலிலேயே வேறு பல இடங்களில் ஊழியன் என்று இசுரயேல் அழைக்கப்படுவதால், அவ்வுரையைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. முதல் சிலுவைப் போரின்போது இரைன் ஆற்றங்கரை ஊர்களில் யூதர் கொன்று குவிக்கப்பட்டது 1096இல். ராஷி உயிரோடிருந்த காலம் அது. கொன்றவர் ஆடையில் சிலுவை தைக்கப்பட்டிருந்தது. பிறர் பாவத்தைச் சுமந்தவன் என்ற பாடலை யார் யாருக்கு எதிராகப் பாடினார்கள் என்பதைக் கிறித்தவ வரலாறு மறைக்க இயலாது.

1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், கிறித்துவின் பாடுகளுக்காக அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டலாகாது என்று அறிவித்தது. 1970இன் திருப்பலி நூலில் அமைந்த பெரிய வெள்ளி மன்றாட்டு, யூத மக்களைக் கடவுளின் சொல்லை முதலில் கேட்டவர்கள் என்கிறது. தூத்துக்குடிப் பனிமய அன்னை பேராலயத்திலும் கடலோரக் கோவில்களிலும் அந்நாளின் முதல் வாசகம் எசாயாவின் ஊழியன் பாடல்தான். அதைக் கண்ணீரோடு கேட்போர், அதே வழிபாட்டில் சற்றுப் பின்னர் வரும் அம்மன்றாட்டையும் அதே கவனத்தோடு கேட்டருள்க.